இசைத்தட்டு யாரை முழுதாகக் காட்டியது, யாரை விட்டுவிட்டது? உங்கள் தொகுப்பிலிருந்து சொல்லுங்கள்

ஒலிப்பேழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

என்னிடம் உள்ள கர்நாடக இசைத்தட்டுகளில் ஒரு பகுதி தாத்தா சேர்த்துவைத்த அரக்குத் தட்டுகள். மற்றவை நான் பழைய சாமான் கடைகளிலும் தெரிந்தவர்கள் வீட்டுப் பரண்களிலும் தேடிப் பிடித்த எல்பிகள் (நீண்ட நேரம் ஓடும் தட்டுகள்). இதுவரை எச்எம்வி, கொலம்பியா, ஓடியன் என்று நிறுவன வாரியாக அடுக்கியிருந்தவற்றை இப்போது கலைஞர் வாரியாக மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வித்துவானின் தட்டுகளையும் ஒருசேர வைத்துக் கேட்கும்போது ஓர் எண்ணம் வலுப்பட்டது. நான் நேரில் கேட்டிராத இந்தப் பெரியவர்களைப் பற்றி என் மனத்தில் உள்ள அபிப்பிராயத்தில் அவர்களுடைய வித்வத்துக்கு எவ்வளவு பங்கோ, ஏறக்குறைய அதே அளவு பங்கு அந்தத் தட்டின் நீளத்துக்கும் இருக்கிறது.

பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடமும் சில நொடிகளும் ஓடும். 1950-களின் இறுதியில் நம் ஊருக்கு வந்த எல்பியின் ஒரு பக்கம் இருபது நிமிடத்தைத் தாண்டும். கச்சேரி மேடையிலோ ஒரு ராகத்தை மட்டும் ஒரு மணி நேரம் பாடுகிறவர்கள் இருந்தார்கள். இந்த மூன்று அளவுகளில் எது யாருக்குப் பொருந்தியது என்பதுதான் என் கேள்வி.

எனக்குத் தோன்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜி.என். பாலசுப்பிரமணியம் (1910–1965) மூன்று நிமிடத் தட்டுக்கென்றே பிறந்தவர்போல எனக்குப் படுகிறது. அவருடைய ‘வாசுதேவயனி’ கல்யாணித் தட்டை ஓட விட்டால், ஊசியின் இரைச்சலையும் மீறி, பிருகாக்கள் (வேகமான சுரக் கோவைகள்) ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன; எடுப்பிலேயே வேகம் பிடித்துவிடுவதால், குறுகிய நேரத்தில் பாடுகிறோம் என்ற நெருக்கடி அவர் குரலில் தெரிவதே இல்லை. அந்தக் காலத்து இளைஞர்கள் அவரைப்போலப் பாட ஆசைப்பட்டதற்குக் கச்சேரிகளோடு இந்தத் தட்டுகளும் காரணமாக இருந்திருக்கும்.

அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் (1890–1967) இதற்கு நேர் எதிர். இன்றைக்கும் பாடகர்கள் பின்பற்றுகிற கச்சேரிப் பத்ததியை வகுத்தவர் அவர். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கீர்த்தனைகளைப் பாடி, நடுவில் ஒரு ராகத்தை விரித்து, பின்பாதியில் பதம், ஜாவளி, திருப்புகழ் என்று இறக்கிக்கொண்டுவருகிற அந்த வரிசையிலும், எந்த உருப்படிக்கு அடுத்து எது என்ற தேர்விலும்தான் அவருடைய மேதைமை இருந்தது. ஒரு கீர்த்தனையை மட்டும் தனியே பிய்த்தெடுத்துத் தட்டில் பதித்தால் அதில் எஞ்சுவது பிசிறில்லாத, அளவான, இனிமையான பாட்டு மட்டுமே. பாடகர் செம்மங்குடியும் மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி அய்யரும் ஏன் அவரை அப்படிப் போற்றினார்கள் என்பது என்னிடமுள்ள எந்தத் தட்டைக் கேட்டாலும் விளங்குவதில்லை. பிற்காலத்தில் நாடாவில் பதிவான அவருடைய ஒரு முழுக் கச்சேரியைக் கேட்ட பிறகுதான் விளங்கியது.

பாடகர் மதுரை மணி அய்யரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவருடைய இசை என்னிடம் வந்து சேர்ந்ததெல்லாம் ரசிகர்கள் கச்சேரியில் பதிந்த ஒலிநாடாக்கள் வழியாகத்தான். அது வேறு கதை.

உங்கள் அலமாரியில் இருப்பவர்களில் தட்டு யாருக்கு நியாயம் செய்தது, யாருக்குச் செய்யவில்லை? பொதுவான புகழுரைகளாக இல்லாமல், உங்களிடம் இருக்கிற, நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு தட்டை வைத்துச் சொன்னால் மகிழ்வேன்.

பாரிநாயனம் எழுதியது:

நல்ல கேள்வி, ஐயா. நாகசுவரத் தட்டுகள் மட்டுமே சேர்ப்பவன் என்பதால் என் பதிலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி ஆலாபனைத் தட்டு என்னிடம் இருக்கிறது. தோடியை விடிய விடிய வாசித்தவர் என்று ஊரெல்லாம் பேசப்பட்டவர் அவர். சுவாமி புறப்பாட்டில் ஒரு தெரு முழுவதும் ஒரே ராகத்தில் நகர்ந்த கதைகளைத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் மூன்று நிமிடத்துக்குள் என்ன செய்துவிட முடியும் என்ற சந்தேகத்துடன்தான் எவரும் அந்தத் தட்டை முதலில் கேட்பார்கள். அவர் தோடியைச் சுருக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். மூன்று நிமிடத்தில் ராகத்தின் முழு உருவத்தையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் அவரிடம் இல்லை. காந்தாரத்தை அசைத்து நிற்கிற இடத்தில், நேரமே இல்லாதவர் நிற்கிற மாதிரியா நிற்கிறார்? ஒரு நீண்ட ஆலாபனையின் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுத்ததுபோல இருக்கிறது அந்த வாசிப்பு. பக்கம் முடிகிற இடத்தில்கூட முத்தாய்ப்பு வைக்கிற பரபரப்பு இல்லை. தட்டைத் திருப்பிப் போடுகிற அந்த இடைவெளியில், நாயனம் எங்கோ தொடர்ந்து வாசிக்கப்படுவதாகவே தோன்றும்.

இதில் கருவிக்கும் பங்கு உண்டு. திமிரி என்ற குட்டையான, சுருதி கூடிய நாயனமே வழக்கத்தில் இருந்த காலத்தில், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைவேலையில் உருவான நீண்ட பாரி நாயனத்தை எடுத்து, கீழ்ச் சுருதியில் வாசித்துக் காட்டியவர் ராஜரத்தினம் பிள்ளை. கோயில் வெளியிலும் தெருவிலும் ஒலிப்பதற்காக ஏற்பட்ட வாத்தியம் அது. அடைத்த அறைக்குள் ஒலிவாங்கியின் முன்னால் வாசித்தால் திமிரியின் ஓசை காதைக் குத்தும். பாரியின் கனமான நாதம் தட்டில் நன்றாக நிற்கிறது. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) தட்டுகளிலும் இந்த நாதசுகத்தைக் கேட்கலாம். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் சேர்ந்த ‘சிங்கார வேலனே தேவா’ ஆபேரிப் பாட்டை எல்லாரும் கேட்டிருப்பார்கள். சொல்லப்போனால், அந்த ஒரு பாட்டின் வெற்றியே அவருடைய மற்ற தட்டுகளைப் பலர் தேடிக் கேட்காமல் செய்துவிட்டது என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

விடுபட்டுப் போனது தவில். நாகசுவரத் தட்டுகளில் தவிலை எங்கோ பின்னால் உட்காரவைத்துப் பதிந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அதன் ஓசை நாயனத்தை அமுக்கிவிடும். பெரும்பாலான லேபிள்களில் தவில்காரர் பெயரும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவின் (1906–1933) தட்டுகளை வைத்திருப்பவர்கள் அவர் எத்தனை கட்டைச் சுருதியில் பாடினார் என்று வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். 78 என்று பெயர் இருந்தாலும், பழைய அரக்குத் தட்டுகள் எல்லாம் துல்லியமாக நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் பதிவானவை அல்ல. பதிந்தபோது இருந்த வேகத்தைவிட நான்கைந்து சுற்று கூடுதலாக ஓட்டினாலே சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும்; குரலும் சற்றுச் சிறுபிள்ளைத்தனமாக மாறும். ஆகவே தட்டை மட்டும் வைத்து அந்த வாதத்தைத் தீர்க்க முடியாது. ஆனால் தேவாமிர்தவர்ஷிணியில் ‘எவரனி’ பாடும்போது மேல் ஸ்தாயியில் அவர் குரல் சிரமமின்றித் திறந்துகொள்கிறதே, அது எந்த வேகத்தில் ஓட்டினாலும் மாறுவதில்லை. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டிய குரல் அது. இருபத்தேழு வயதில் போய்விட்டார். அவர் மேடையில் நின்ற அழகையும் கே.பி. சுந்தராம்பாளோடு மாறி மாறிப் பாடிய போட்டியையும் தட்டு காட்டாது. குரலைக் குறைவில்லாமல் காட்டியிருக்கிறது.

தந்திமீட்டு எழுதியது:

நான் வீணைக்காரி. அதனால் வீணை தனம்மாளைப் பற்றித்தான் எழுத முடியும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். வித்துவான்களும் தேர்ந்த ரசிகர்களும் ஒரு சிறிய அறையில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்றும், யாராவது பேசினால் வாசிப்பு நின்றுவிடும் என்றும் கேட்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவருடைய வாசிப்பு கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவானது 1932-இல். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது, கண் பார்வையும் போயிருந்தது. கிடைப்பவை சில தட்டுகள்தாம். என்னிடம் இருப்பது மூலத் தட்டு அல்ல, பிற்காலத்து மறுபதிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தட்டு நியாயம் செய்யவில்லை என்று சொல்ல வேண்டுமானால் இவரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆயிரம் பேர் கேட்க வேண்டும் என்பதற்காக வாசித்தவர் அல்லர் அவர். ஒலி குறைந்த வாத்தியத்தை இன்னும் ஒலி குறைத்து மீட்டியவர். அந்த மெல்லிய மீட்டை அரக்குத் தட்டின் இரைச்சல் மூடிவிடுகிறது. முதல் முறை கேட்கும் எவருக்கும் இரைச்சலுக்குப் பின்னால் யாரோ அடுத்த அறையில் வாசிப்பதாகத்தான் தோன்றும். இதற்கா இவ்வளவு பெயர் என்று என் மாணவிகளே கேட்டிருக்கிறார்கள்.

இருந்தும் அந்தத் தட்டை நான் விடுவதில்லை. ஒரு மீட்டில் எழுந்த ஒலி அடங்குவதற்குள் அதே மெட்டில் (வீணைத் தண்டில் விரல் பதிக்கும் கட்டையில்) தந்தியை இழுத்து இரண்டு மூன்று சுரங்களை அவர் உதிர்ப்பதைக் கவனித்தால், அடுத்த மீட்டு எப்போது விழும் என்று நம்மால் ஊகிக்கவே முடியாது. ராகத்தை எல்லா ஸ்தாயிகளிலும் வலம்வந்து காட்டுவதில்லை. அதன் உயிரான இரண்டு பிடிகளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அப்படிப் பார்த்தால் மூன்று நிமிடம் அவருக்குப் போதாது என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. அவருக்குக் குறைந்தது நேரம் இல்லை. சிறிய அறையின் நிசப்தம்தான் தட்டில் கிடைக்கவில்லை. அவருடைய பேத்தி டி. பிருந்தா பதம் பாடிக் கேட்டுவிட்டு, பிறகு தனம்மாளின் தட்டுக்குத் திரும்பினால், அந்த இரைச்சலில் மறைந்துபோன கமகங்களை நம் காதே நிரப்பிக்கொள்ளும். இன்னொரு பேத்தியான நாட்டியக் கலைஞர் பால சரசுவதியின் அபிநயத்தைப் பார்த்தவர்களும் இதையே சொல்வார்கள். எல்லாம் ஒரே வீட்டு இசை.

என் அலமாரியில் தனம்மாளுக்குப் பக்கத்தில் இருப்பவர் எஸ். பாலச்சந்தர் (1927–1990). இருவருக்கும் வீணை என்ற பெயரைத் தவிரப் பொதுவானது குறைவு. குருவிடம் முறையாகப் பாடம் கேட்காமல் தாமே வீணையை வசப்படுத்திக்கொண்டவர் அவர். பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ (1954) எடுத்த இயக்குநரும் அவர்தான் என்பதால், ஒலிப்பதிவுக் கூடம் எப்படி இயங்குகிறது, ஒலிவாங்கியின் முன் வீணை எப்படிக் கேட்கும் என்பதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய எல்பிகளைப் போட்டால் வீணையின் மந்தரத் தந்தி அறை முழுவதும் அதிர்கிறது. ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இத்தனை சுரங்களை எட்ட முடியுமா என்று கை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். எனக்கு விரல் புண்ணானதுதான் மிச்சம். 72 மேளகர்த்தா ராகங்களையும் வாசித்து இசைத்தட்டுத் தொகுப்பாகவே வெளியிட்டார். மேடையில் யார் அதைச் செய்யப்போகிறார்கள்? தட்டுக்கென்றே யோசித்துச் செய்த காரியம் அது. அவருடைய வாய்ச் சண்டைகளும் பத்திரிகைச் சண்டைகளும் மறக்கப்பட்டுவிடும். அந்த எல்பிகள் நிற்கும்.

நல்லூர்வாசல் எழுதியது:

பாரிநாயனம் அவர்கள் தவிலைப் பற்றிக் குறிப்பிட்டதால் இதனைச் சேர்க்க விரும்புகிறேன். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) என்ற பெயரைச் சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது. தமிழ்நாட்டிலும் முன்னணி நாகசுவர வித்துவான்களுக்கு அவர் வாசித்திருக்கிறார். ஆயினும் என்னுடைய சேகரிப்பில் அவருடைய பெயரைத் தலைப்பில் தாங்கிய தட்டு ஒன்றுகூட இல்லை; கோயில் வீதிகளில் பதிவாகிப் பிரதி மேல் பிரதியாகக் கைமாறி வந்த ஒலிநாடாக்களே உள்ளன. அவற்றில் ஒலி தேய்ந்திருந்தாலும், அவர் தனி ஆவர்த்தனத்தை (தாளவாத்தியம் மட்டும் தனித்து வாசிக்கும் பகுதியை) எடுத்தவுடன் சனம் ஆரவாரிப்பது தெளிவாகக் கேட்கிறது.

இதே குறை மிருதங்கத்துக்கும் உண்டு. கூடத்தில் பதிவான எல்பிகளில் தனி ஆவர்த்தனத்துக்கு இடம் கொடுத்தவை மிகக் குறைவு. பாலக்காடு மணி அய்யரின் பெயர் உறையில் இருக்கிறதே என்று ஆசையோடு வாங்கினால், பாட்டு முடிந்ததும் தட்டும் முடிந்துவிடும். ஒலிபெருக்கியே வேண்டாம் என்று வாதிட்ட ஒரு கலைஞரை ஒலிவாங்கியின் தயவில்தான் எங்கள் தலைமுறை அறிகிறது. அதிலும் பாட்டின் இடைவெளிகளில் அவர் நிரப்புகிற சொற்களைக் கொண்டே அவருடைய கணக்கை நாங்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஒலிப்பேழை அவர்களின் கேள்வி பாடகர்களை மட்டும் நினைத்துக் கேட்கப்பட்டது போலும். தட்டினால் மிகவும் இழந்தவர்கள் பக்கவாத்தியக்காரர்களே என்பது என்னுடைய துணிபு.

கீழ்க்காலம் எழுதியது:

எல்லாரும் தட்டு குறைத்துக் காட்டியவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். தட்டு அளவுக்கு மீறிக் காட்டியதால் மறைந்துபோனவர் ஒருவர் உண்டு: எம்.எஸ். சுப்புலட்சுமி.

பத்து வயதில், 1926-இல், முதல் தட்டுக்குப் பாடியவர் அவர். அரக்குத் தட்டு, திரைப்படத் தட்டு, எல்பி, ஒலிநாடா, குறுவட்டு என்று பதிவின் எல்லா வடிவங்களையும் அவர் குரல் கடந்து வந்திருக்கிறது. 1963-இல் வெளியான வேங்கடேச சுப்ரபாதம் எல்பி இல்லாத வீடு அந்தக் காலத்தில் அபூர்வம். கோயில் கோபுரத்து ஒலிபெருக்கியிலும் தேநீர்க் கடை வானொலியிலும் விடியற்காலையில் ஒலித்து ஒலித்து, அந்தக் குரல் ஒரு மனிதப் பிறவியினுடையது என்பதே பலருக்கு மறந்துவிட்டது. என் வீட்டுத் தட்டின் உறை மடிப்புகளில் கிழிந்து, குங்குமக் கறை படிந்து, பூஜை அறையிலேயே இருந்தது. அதைக் ‘கேட்க’ வேண்டும் என்று யாரும் உட்கார்ந்ததாக நினைவில்லை.

உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். முதலில், அது ஒரு குரல் இல்லை. ராதா விசுவநாதனும் உடன் பாடுகிறார். இருவர் குரலும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பல இடங்களில் கண்டுபிடிக்க முடியாது. ‘மீரா’ (1945) படத்தில் சிறுமி மீராவாக நடித்த அதே ராதாதான். அத்தனை ஆண்டுகள் ஒரே தம்பூராவின் கீழ் பாடிப் பழகியதன் விளைவு அந்த ஒற்றுமை. இரண்டாவது, சமஸ்கிருத உச்சரிப்பில் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்ட சிரத்தை. சுலோகத்தில் நிரவலுக்கும் (ஒரு வரியையே பலவாறு விரித்துப் பாடுவதற்கும்) சுரத்துக்கும் இடமில்லை. எனவே பாடகியின் கற்பனை முழுவதையும் அடக்கிக்கொண்டு, உச்சரிப்பும் சுருதியும் மட்டுமே பேசும்படி விட்டிருக்கிறார்.

அந்த அடக்கம்தான் அவர் என்று உலகம் நினைத்துக்கொண்டுவிட்டது. நியூயார்க் கார்னகி ஹாலில் பாடியது எல்பியாக வந்திருக்கிறது. அதையும், நாடாவில் புழங்குகிற அவருடைய பழைய கச்சேரிகளையும் கேட்டால், துணிந்து விரித்துப் பாடுகிற, சங்கராபரணத்தில் ‘சரோஜதள நேத்ரி’யை எடுத்தால் நிரவலில் ஒரு வரியைவிட்டு நகர மனமில்லாத, முழுமையான கச்சேரி வித்துவாம்சினி ஒருவர் தெரிகிறார். பக்தித் தட்டுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. அறுபது வயதைக் கடந்த பிறகு, திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்காக அன்னமாசாரியார் கீர்த்தனைகளைப் புதிதாகப் பாடம் செய்து ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’ எல்பிகளைப் பாடிக் கொடுத்தாரே, அந்த உழைப்புக்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் இன்று இளம் ரசிகர் ஒருவரிடம் எம்.எஸ். என்றால் சுப்ரபாதம் என்கிறார், டி.கே. பட்டம்மாள் என்றால் பல்லவி என்கிறார். அதிகம் விற்ற தட்டு இல்லாததால் பட்டம்மாளுக்குக் கிடைத்த மரியாதை அது என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

போகிற போக்கில் எம்.டி. ராமநாதனையும் (1923–1984) சொல்லிவிடுகிறேன். என் புனைபெயரே அவரால் வந்தது. பாலக்காட்டு மஞ்சப்பிராவில் பிறந்து, டைகர் வரதாச்சாரியாரின் சீடராகக் கலாக்ஷேத்திரத்தில் வளர்ந்து, அங்கேயே ஆசிரியராக இருந்தவர். தாம் இயற்றிய கீர்த்தனைகளில் குருவின் நினைவாக ‘வரததாஸ’ என்ற முத்திரையை வைத்தார். அவ்வளவு தாழ்ந்த சுருதியில், அவ்வளவு விளம்ப (மெதுவான) காலத்தில் பாடியவர் வேறு யாரும் இல்லை. அக்காலத்துச் சின்ன வானொலிப் பெட்டிகளின் ஒலிபெருக்கியில் மந்தர ஸ்தாயி சரியாக விழாது. ஆகவே அவர் பாடுவது வெறும் முனகலாகக் கேட்டிருக்கும். பெரிய பெட்டியில் இணைத்து எல்பியைப் போட்டால் அந்தக் குரலின் அடித்தளம் தெரிகிறது. எல்பியில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டும் லேபிளை நெருங்க நெருங்கத் தெளிவு குறையும் என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரிந்ததே. உச்சக் குரல்கள் அங்கே கரகரக்கும். ராமநாதனுக்கு அந்தத் தொல்லையும் பெரிதாக இல்லை.

அவர் சஹானாவில் ‘கிரிபை’ பாடுவதைக் கேளுங்கள். ஒரு சொல்லைப் பாடிவிட்டு நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்தில் வயலின்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் காத்திருக்கிறார். பிறகு நாம் எதிர்பாராத இடத்தில் அடுத்த சொல் வந்து உட்கார்கிறது. சபாவில் எழுந்துபோனவர்கள் இருந்தார்கள் என்று சொல்வார்கள். வீட்டில் தனியே கேட்கிற ஒருவனுக்கு எழுந்துபோகிற அவசரம் இல்லை. எல்பி யாருக்கு நியாயம் செய்தது என்று கேட்டீர்களே, என் பதில் இவர்தான்.

ஒலிப்பேழை எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. நல்லூர்வாசல் அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். அலமாரியில் பக்கவாத்தியக்காரர்களுக்கென ஒரு கைப்பட்டியல் தயாரித்து ஒவ்வொரு உறைக்குள்ளும் வைக்கத் தொடங்கியிருக்கிறேன். உறையில் பெயர் இல்லாத இடங்களில் வாசிப்பை வைத்து ஊகிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, காலியாகவே விட்டிருக்கிறேன்.

எம்.எஸ். பற்றிய கருத்தில் மட்டும் சிறிது வேறுபடுகிறேன். சுப்ரபாதம் அவரை மறைத்தது என்பது உண்மையானாலும், கர்நாடக இசையே அறியாத வீடுகளுக்குள் சுருதி சுத்தம் என்றால் என்னவென்பதைக் கொண்டுசேர்த்த தட்டும் அதுதான். என் பாட்டிக்கு ராகம் எதுவும் தெரியாது. யாராவது சுருதி விலகிப் பாடினால் முகம் சுளிப்பார். அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

யாரும் குறிப்பிடாத ஒருவரைச் சேர்க்கிறேன். புல்லாங்குழல் மாலி, திருவிடைமருதூர் டி.ஆர். மகாலிங்கம் (1926–1986). கச்சேரிக்கு வருவாரா, வந்தால் வாசிப்பாரா, வாசித்தால் எவ்வளவு நேரம் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாதவர் என்பது ஊரறிந்த கதை. தட்டில் அந்த நிச்சயமின்மை கிடையாது. ஊசியை வைத்தால் வாசித்தே தீர வேண்டும். வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலில் கொண்டுவந்த அவருடைய ஊதலும் விரலடியும் அதில் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் அவருடைய தட்டுகளையும் கச்சேரி நாடாக்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், நாடாவில் அவர் ஒரு சங்கதியைப் பாதியில் விட்டுவிட்டு நீண்ட நேரம் சும்மா இருக்கிற இடங்கள்தாம் என்னை இழுக்கின்றன. அந்த மௌனத்தைத் தட்டு நிறுவனம் எதுவும் காசு கொடுத்துப் பதிந்திருக்காது.

தந்திமீட்டு அவர்களுக்கு ஒரு கேள்வி, அம்மா. தனம்மாளின் பதிவில் இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்த பிரதிகள் கிடைக்கின்றன. அதைக் கேட்கலாமா, சுத்தம் செய்யாததையே கேட்க வேண்டுமா?

தந்திமீட்டு எழுதியது:

இரண்டையும் கேட்டிருக்கிறேன். இரைச்சலை மிகுதியாக நீக்கினால், மீட்டின் நுனியும் தந்தி அடங்குகிற வாலும் அதோடு சேர்ந்து போய்விடுகின்றன; மெட்டில் விரல் நகர்கிற ஓசையும் போய்விடுகிறது. தனம்மாளின் வாசிப்பில் பாதி அந்த வாலில்தான் இருக்கிறது. ஆகவே சுத்தம் செய்யாத பிரதியை எடுத்து, ஒலியைக் கூட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாலைந்து முறைக்குப் பிறகு காது இரைச்சலைத் தானே ஒதுக்கிவிடும். மாணவிகளுக்குக் கொடுப்பதானால் சுத்தம் செய்ததை முதலில் கொடுக்கிறேன்; இல்லாவிட்டால் அவர்கள் முதல் நிமிடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.